சலவைக்குக் கைகொடுக்கும் காடி

கந்தையானாலும் கசக்கிக் கட்ட வேண்டும் என்பது நம் பாட்டிமார் வாக்கு. கசக்கினால் மட்டும் போதாது. எந்த நீரில் கசக்குகிறோம், கசக்கிய பின் துணியில் என்ன தங்கிவிடுகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இதனை நான் விடுதிக்கு வந்த முதல் பருவத்திலேயே, என் இரண்டு வெள்ளைச் சட்டைகளின் செலவில் கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஊர் தாண்டிக்குடி. வத்தலக்குண்டு பக்கமிருந்து மலையேறும் பேருந்து பல வளைவுகளைக் கடந்து வந்து சேரும் கீழ்ப்பழனி மலைக் கிராமம். காப்பி, மிளகு, ஏலம், மலைவாழை இவையே எங்கள் வாழ்வு. வீட்டுத் துணிகளை ஓடைப் பாறையில்தான் துவைப்போம். பார் சோப்பை இரண்டு தடவை இழுத்தாலே நுரை பொங்கிவிடும். சோப்புக் கட்டி ஒரு மாதத்துக்கு வரும்.

விடுதிக்குப் புறப்படும்போது அம்மா இரண்டு வெள்ளைச் சட்டைகள் தைத்துத் தந்தார். அந்த ஆண்டு முழுமைக்கும் அவைதாம். மூன்று மாதம் சென்றதும் அவை பழுப்பேறிவிட்டன. கழுத்துப் பட்டை அட்டை போல விறைத்தது. இன்னும் சோப்புப் போட்டேன், நுரை வரவில்லை. தோழி சொன்னபடி சலவைச் சோடாவும் போட்டேன், விறைப்பு அதிகமாயிற்று. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அம்மா சட்டையை விரித்துப் பார்த்துவிட்டு, "ஏன் தாயி, சோப்பு வாங்கக் காசு பத்தலையா?" என்று கேட்டார். வீட்டில் செலவானதைப் போல இரண்டு மடங்கு சோப்பைக் கரைத்திருந்தேன். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

அதற்கான விடை வேதியியல் வகுப்பில் கிடைத்தது. காடி எனப்படும் வினிகரைப் பற்றியும் அங்கேதான் அறிந்தேன். அதனை இப்போது உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மலை நீரும் சமவெளி நீரும்

சிஸ்டர் இரண்டு கண்ணாடிக் குப்பிகளை மேசையில் வைத்தார். ஒன்றில் மழை நீர், மற்றொன்றில் கிணற்று நீர். இரண்டிலும் ஒரே அளவு சோப்புக் கரைசலை விட்டுக் குலுக்கச் சொன்னார். மழை நீரில் நுரை குப்பியின் கழுத்து வரை வந்தது. கிணற்று நீரிலோ நுரைக்குப் பதிலாகத் திரிந்த பால் போன்ற வெள்ளைத் துகள்கள் மிதந்தன.

காரணம் எளியது. மழை நீரில் உப்புகள் மிகக் குறைவு. பழனி மலை சார்னோகைட் என்னும் கடினமான பாறையால் ஆனது. அந்தப் பாறை நீரில் எளிதில் கரைவதில்லை. ஆகவே மலைமேல் பெய்த மழை ஓடையாக ஓடும்போதும் ஏறக்குறைய மென்னீராகவே இருக்கிறது. சமவெளியில் மண்ணுக்குள் ஆழத்தில் நெடுநாள் தங்கும் நீரோ கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொண்டு கடின நீராகிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம். நம் மாவட்டங்களில் பல கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் இந்த எல்லைகளுக்கு நடுவிலோ மேலேயோ நிற்பவையே.

கடின நீரில் சோப்பைப் போட்டால், சோப்பு முதலில் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பசையாகிவிடுகிறது. அந்தப் பசை நூலிழைகளின் இடையே படிந்து அழுக்கைப் பற்றிக்கொள்கிறது. வெள்ளைத் துணி பழுப்பேறுவது இதனால்தான். சலவைச் சோடா போட்டால் நீரில் உள்ள கால்சியம் சுண்ணாம்புத் துகளாக மாறிப் படிகிறது. நன்றாக அலசாவிட்டால் அதுவும் துணியிலேயே தங்கிவிடும். நான் சோடாவைக் கூட்டக் கூட்டச் சட்டை விறைத்ததன் இரகசியம் இதுவே.

மஞ்சள் சொல்லும் சாட்சி

துணியில் தங்குவது சுண்ணாம்பு மட்டுமன்று. சோப்பும் சோடாவும் காரப் பொருள்கள். அமிலமும் அன்றிக் காரமும் அன்றி இருக்கும் தூய நீரின் பி.எச். அளவு 7. சோப்புக் கரைசலின் அளவு 9 முதல் 10 வரை; சோடாக் கரைசலுக்கு ஏறக்குறைய 11. நம் தோலின் மேற்பரப்போ சற்றே அமிலத் தன்மை கொண்டது. அலசுவதில் குறை வைத்தால், காரம் ஏறிய துணியை நாள் முழுதும் உடலோடு ஒட்டி அணிந்திருக்கிறோம். கழுத்திலும் இடுப்பிலும் அரிப்பு எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காரம் தங்கியிருக்கிறதா என்று காண ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, அடுக்களை போதும். சாம்பார் பட்ட சட்டையில் சோப்புப் போட்டவுடன் மஞ்சள் கறை இரத்தச் சிவப்பாக மாறுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்னும் நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும். அமிலம் பட்டால் மீண்டும் மஞ்சளாகும். மஞ்சள் தூளைச் சிறிது சாராவியில் கரைத்து, வெள்ளைத் தாளில் தடவி நிழலில் உலர்த்துங்கள். அலசிய துணியைப் பிழியும்போது சொட்டும் கடைசி நீரை அதன்மேல் விடுங்கள். தாள் சிவந்தால், துணி இன்னும் அலச வேண்டிய நிலையில் இருக்கிறது என்று பொருள். அதே இடத்தில் ஒரு சொட்டு காடி விட்டால் சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பும். சலவையில் காடி செய்யும் வேலை முழுவதையும் இந்தச் சிறு தாளிலேயே காணலாம்.

காடி என்பது யாது?

காடி என்ற சொல் நமக்குப் புதிதன்று. புளித்த கஞ்சி நீரையும் காடி என்பார்கள். பழைய தமிழ் வேதாகமத்தில் சிலுவையடியில் நீட்டப்பட்ட புளிப்புப் பானத்துக்கும் இதே சொல்தான். இக்கட்டுரையில் காடி என்பது கடையில் குப்பியில் விற்கும் வினிகரையே குறிக்கும்.

சர்க்கரை உள்ள எந்தச் சாற்றிலிருந்தும் காடி செய்யலாம். முதலில் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சர்க்கரையைச் சாராயமாக மாற்றும். பிறகு வேறொரு வகை நுண்ணுயிர்கள் காற்றின் துணையோடு சாராயத்தை அசெட்டிக் அமிலமாக்கும். பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1860களில் இதனை ஆராய்ந்து, காடி புளிப்பது உயிருள்ள நுண்ணுயிர்களின் செயலே என்று நிலைநாட்டினார். கோவாவிலும் இலங்கையிலும் கள்ளிலிருந்து காடி எடுக்கிறார்கள். மேல்நாடுகளில் திராட்சை, ஆப்பிள் முதலியவற்றிலிருந்து எடுக்கிறார்கள்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த வாசனையைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில், பழத்தோலை நீக்கிய கொட்டைகளை அவற்றின் மேலுள்ள வழுவழுப்புப் போவதற்காகத் தொட்டியில் ஊற வைப்பார்கள். அங்கேயும் நுண்ணுயிர்கள் புளிக்க வைத்து அமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றுள் ஒன்று அசெட்டிக் அமிலம். மார்கழிக் குளிரில் தோட்டப் பக்கமிருந்து மூக்கைத் துளைக்கும் அந்தப் புளிப்பு நெடிக்குக் காடிக் குப்பியைத் திறந்தால் வரும் நெடி உறவு.

நம் நாட்டு உணவுச் சட்டப்படி காடியில் குறைந்தது 3.75 சதவீதம் அசெட்டிக் அமிலம் இருக்க வேண்டும். பழச்சாற்றைப் புளிக்க வைக்காமல், அசெட்டிக் அமிலத்தில் நீர் சேர்த்துச் செய்ததைச் செயற்கைக் காடி என்று குப்பியில் அச்சிட வேண்டும். சலவைக்கு நிறமற்ற, விலை குறைந்த இந்த வெள்ளை வகையே ஏற்றது. பழுப்பு நிறக் காடி வெள்ளைத் துணியில் கறை விடலாம். ஆய்வுக்கூடங்களில் உள்ள செறிந்த அசெட்டிக் அமிலத்தை ஒருபோதும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. அது தோலைச் சுட்டுவிடும்.

பழைய வழக்கம்தான்

சலவையில் புளிப்புச் சேர்ப்பது இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஐரோப்பாவில் சணல் துணியை வெளுப்பவர்கள் அதனைச் சாம்பல் காரத்தில் வேகவைத்து, புல்வெளியில் வெயிலில் விரித்து, பின்பு புளித்த மோரில் ஊற வைத்துக் காரத்தைப் போக்கினார்கள். ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் ஹோம் 1756இல் வெளியிட்ட வெளுப்பு முறை நூலில், மோருக்குப் பதில் மிகவும் நீர்த்த கந்தக அமிலத்தைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். வாரக்கணக்கில் நடந்த வேலை சில மணி நேரமாகச் சுருங்கியது.

இன்று நம் திருப்பூருக்குச் சென்றால் இதே முறையைப் பெரிய அளவில் காணலாம். பருத்திப் பின்னலாடைகளுக்குச் சாயம் ஏற்றும்போது, சாயம் நூலோடு பிணைவதற்காகச் சோடா சேர்க்கிறார்கள். சாயம் ஏறியதும் துணியில் உள்ள காரத்தைப் போக்க அசெட்டிக் அமிலம் கலந்த நீரில் அலசுகிறார்கள். நாம் அணியும் பனியனும் கடைக்கு வருமுன் இந்த அமிலத்தைக் கண்டிருக்கக்கூடும்.

ஹோமின் மோரும் திருப்பூர் அமிலமும் ஒரு பாடத்தைத்தான் சொல்கின்றன. அழுக்கைப் போக்குவது சோப்பின் வேலை. அது விட்டுச் சென்றதைப் போக்குவது புளிப்பின் வேலை. காடி சோப்பாகாது.

எவ்வளவு, எப்போது?

வழக்கம் போலத் துணியைத் துவைத்து, நல்ல நீரில் இருமுறை அலசுங்கள். மூன்றாவது அலசலுக்குத்தான் காடி. ஒரு வாளி மென்னீருக்கு, அதாவது ஏறத்தாழ 15 லிட்டருக்கு, அரை டம்ளர் காடி, அதாவது 100 மில்லி லிட்டர் போதும். முதலில் நீரில் காடியைக் கலக்கிவிட்டு அதன் பிறகே துணியைப் போட வேண்டும். ஐந்து நிமிடம் ஊறவிட்டுப் பிழிந்து உலர்த்துங்கள். துணி காய்ந்ததும் காடி வாசனை போய்விடும், ஏனெனில் அசெட்டிக் அமிலம் காற்றில் ஆவியாகக் கூடியது.

இந்த அளவு எப்படி வந்தது என்று கணக்குப் பார்ப்போம். நூற்றுக்கு 4 பங்கு அமிலம் உள்ள காடியில் 100 மில்லி லிட்டர் எடுத்தால் அதில் 4 கிராம் அமிலம் இருக்கும். 60 கிராம் அசெட்டிக் அமிலம், நீர்ச்சத்து நீங்கிய சோடாவில் 53 கிராமைச் சமன் செய்யும். ஆகவே 4 கிராம் அமிலம் சுமார் மூன்றரை கிராம் சோடாவைச் சமன் செய்யும். இருமுறை ஒழுங்காக அலசிய ஒரு வாளித் துணியில் அதற்கு மேல் சோடா தங்காது.

கடின நீரில் இந்தக் கணக்கு மாறும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீர் 15 லிட்டரில் நாலரை கிராம் சுண்ணாம்பு இருப்பதற்குச் சமம். அது முழுவதும் கொதிக்க வைத்தால் நீங்கும் வகையாக இருந்தால், அதனைச் சமன் செய்யவே 5.4 கிராம் அமிலம் வேண்டும். நாம் ஊற்றிய 4 கிராமையும் வாளி நீரே விழுங்கிவிடும். துணிக்கு ஒன்றும் மிஞ்சாது! விடுதியில் சிலர் காடி ஊற்றிப் பார்த்துவிட்டுப் பயனில்லை என்று கைவிட்டதற்கு இதுவே காரணம் என்று எண்ணுகிறேன். இதற்குப் பரிகாரம் காடியைக் கூட்டுவதன்று, நீரைக் குறைப்பது. கடைசி அலசலுக்கு ஐந்து லிட்டர் மட்டும் எடுத்தால், நீர் 1.8 கிராம் அமிலத்தை எடுத்துக்கொள்ளும், மீதி 2.2 கிராம் துணிக்கு உதவும். மழை நீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

ஏற்கெனவே பழுப்பேறி விறைத்த துணிக்கு இரண்டு படிகள் தேவை. வெதுவெதுப்பான நீர் பத்துப் பங்கும் காடி ஒரு பங்கும் கலந்து அரை மணி நேரம் ஊற வையுங்கள். சுண்ணாம்புத் துகள் கரையும். சோப்புப் பசை உடைந்து எண்ணெய்ப் பசையாகும். அந்த எண்ணெய்ப் பசை தானாகப் போகாது. ஆகவே துணியை அலசிவிட்டு, மீண்டும் ஒருமுறை சலவைத் தூள் கொண்டு மென்னீரில் துவைக்க வேண்டும். பலர் முதற்படியோடு நிறுத்திவிட்டு ஏமாறுகிறார்கள்.

எந்தத் துணிக்கு என்ன?

கம்பளி: மலையில் இருப்போருக்கு ஸ்வெட்டர் ஆண்டில் பாதி நாள் தேவை. கம்பளியும் பட்டும் புரத இழைகள். இவற்றுக்குக் காரம் பகை. சலவைச் சோடா பட்டால் கம்பளி சுருங்கிச் சொரசொரப்பாகும். மென்மையான சோப்பில் குளிர்ந்த நீரிலே பிழிந்தெடுத்து, கடைசி அலசலில் சிறிது காடி சேர்த்தால் மென்மை காக்கப்படும்.

பட்டு: நீர்த்த அமிலத்தில் அலசிய பட்டு நடக்கும்போது சரசரக்கும் ஓசையை மீண்டும் பெறும். நெசவுத் தொழிலில் இது தெரிந்த உண்மை. ஆயினும் விலையுயர்ந்த சேலையில் முதலில் உட்புற ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். சரிகைப் பட்டுக்குப் பூந்திக்கொட்டையே பாதுகாப்பு. அதில் உள்ள சாப்போனின் என்னும் பொருள் கடின நீரிலும் பசையாகத் திரியாமல் நுரை தரும்.

காப்பிக் கறை: புதிய கறையை முதலில் வெறும் குளிர்ந்த நீரில் அலசி, நீர்த்த காடியை ஒற்றி, பிறகு சலவைத் தூள் போடலாம். எடுத்த எடுப்பில் பார் சோப்பைத் தேய்த்தால் இவ்வகைக் கறை சில சமயம் பதிந்துவிடும்.

வாழைக் கறை: தாண்டிக்குடிப் பெண்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. வாழைச் சாற்றில் உள்ள துவர்ப்புப் பொருள் காற்றுப் பட்டுக் கறுத்து நூலில் இறுகிவிடும். இறுகிய கறையைக் காடி போக்காது. ஈரம் காயுமுன் அலசுவது ஒன்றே வழி. தார் வெட்டப் போகும்போது பழைய உடுப்பு அணியும் எங்கள் அப்பத்தாவின் வழக்கம் எந்த இரசாயனத்தையும் விடச் சிறந்தது.

குழந்தைத் துணி: நாள்பட்ட சிறுநீர் நெடி அம்மோனியாவால் வருவது. அம்மோனியா காரம்; ஆதலால் காடி அதனைப் போக்கும்.

பூஞ்சை நெடி: ஐப்பசி கார்த்திகையில் மூடுபனி இறங்கினால் எங்கள் ஊரில் துணி மூன்று நாளானாலும் காயாது, முக்கல் நாற்றம் அடிக்கும். காடி அந்த நெடியை ஓரளவு தணிக்கும். ஆனால் அதனைக் கிருமிநாசினி என்று நம்பிவிடக் கூடாது. நோயாளியின் துணிக்குக் கொதிநீரும் கொளுத்தும் வெயிலும்தான் மருந்து.

சாயம் போகும் புதுத் துணியைக் காடியிலும் உப்பிலும் நனைத்தால் நிறம் நிற்கும் என்று சொல்வார்கள். பருத்தித் துணிக்கு இது பலிப்பதில்லை. அத்தகைய துணியைத் தனியே துவைப்பதே வழி.

செய்யத் தகாதவை

சோப்பு நீரிலேயே காடியை ஊற்றக் கூடாது. அமிலம் பட்டால் சோப்பு உடைந்து திரிந்துபோகும். சோப்பும் வீண், காடியும் வீண்.

சலவைச் சோடாவையோ சமையல் சோடாவையோ காடியோடு சேர்த்தால் பொங்கும் நுரையைக் கண்டு மயங்காதீர்கள். அது கரியமில வாயு. பொங்கி அடங்கிய பின் எஞ்சுவது சோடியம் அசெட்டேட் என்னும் உப்பும் நீருமே. இரண்டு நல்ல பொருள்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் காட்சி அது.

நீலப் பொடியோடு காடியைக் கலக்கக் கூடாது. அல்ட்ரமரின் என்னும் அந்த நீலம் அமிலத்தில் நிறம் இழக்கும். அழுகிய முட்டை நாற்றமும் வரலாம். நீலம் போட வேண்டுமானால், காடி நீரில் அலசிய பின் ஒருமுறை வெறும் நீரில் அலசிவிட்டுப் போடுங்கள். கஞ்சி போடுவதும் அதற்குப் பிறகே.

சிப்பிப் பொத்தான் சுண்ணாம்பால் ஆனது. அதைக் காடியில் ஊற வைத்தால் மெருகு போகும். சலவை இயந்திரம் வைத்திருப்போர் அடிக்கடி மிகுதியாக ஊற்றினால் அதன் இரப்பர் பாகங்கள் கெடக்கூடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானதைக் கடைசியாகச் சொல்கிறேன். வெளுப்புத் தூளோடோ, வெளுப்பு நீரோடோ காடியை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. 1799இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட் காப்புரிமை பெற்ற வெளுப்புத் தூள், சுண்ணாம்பில் குளோரினைச் சேர்த்துச் செய்தது. அமிலம் பட்டதும் அந்தக் குளோரின் வாயுவாக வெளிப்படும். முதல் உலகப் போரில் 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் தேதி பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே போர்வீரர்கள்மேல் ஏவப்பட்ட நச்சுவாயு இதுவே.

இதனை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில், இரண்டும் நல்லதென்றால் சேர்த்தால் இன்னும் நல்லதுதானே என்ற அரைகுறை அறிவோடு, கதவடைத்த குளியலறையில் வெளுப்புத் தூள் கரைத்த வாளியில் காடியைச் சரித்தேன். கண் எரிந்தது, தொண்டையை யாரோ நெரிப்பது போல இருந்தது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். வெகுநேரம் இருமினேன். "படிச்ச புள்ள செய்ற வேலையா இது?" என்று அவர் கேட்டது நியாயமே. அத்தகைய விபத்து நேர்ந்தால் வாளியைத் தூக்கப் பார்க்காமல் உடனே வெளிக்காற்றுக்கு வர வேண்டும். மூச்சுத் திணறினால் மருத்துவரிடம் செல்லத் தாமதிக்கக் கூடாது.

ஓடையையும் நினைப்போம்

காடி இயற்கைப் பொருள்தானே, எவ்வளவு ஊற்றினால் என்ன என்று சிலர் கேட்கலாம். எங்கள் ஊர்க் காப்பித் தொட்டியே இதற்கு விடை சொல்லும். பழத்தோல் கழுவிய நீரும் இயற்கையானதுதான். ஆனால் அதை அப்படியே ஓடையில் விட்டால், அதன் புளிப்பும் அழுகலும் நீரில் உள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும்; மீன்கள் மடியும். அதனால் அந்தக் கழிவு நீரைத் தேக்கி, சுண்ணாம்பு இட்டுப் புளிப்பைச் சமன் செய்து, சுத்தப்படுத்தும் முறை வந்தது. அங்கே அமிலத்துக்குக் காரம் மருந்து. நம் சலவை வாளியில் காரத்துக்கு அமிலம் மருந்து. இரண்டிலும் அளவே மருந்தின் உயிர்.

எங்கள் பகுதி மலைச் சரிவுகளில் ஊறும் நீர் மருதாநதியாக இறங்கி அய்யம்பாளையம் அருகில் உள்ள அணையில் சேருகிறது. நாங்கள் பாறைமேல் கரைக்கும் ஒவ்வொரு கட்டிச் சோப்பும் கீழே உள்ளோரின் நீரைத் தொடுகிறது. நொய்யல் ஆறு சாயக் கழிவால் கெட்டுப்போனதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிடும் அளவுக்கு நிலைமை முற்றியதையும் நாம் அறிவோம். வீட்டுச் சலவை அதனோடு ஒப்பிடச் சிறியதே. ஆயினும் சிறிய வீடுகள் பல சேர்ந்ததுதானே ஊர்? இப்போது எங்கள் வீட்டில் ஓடைக்குள் துவைப்பதில்லை. வாளியில் நீர் மொண்டு வந்து, கரையை விட்டுத் தள்ளித் துவைத்து, அழுக்கு நீரை மண்ணில் விடுகிறோம். சோடாவைப் பாதியாகக் குறைத்துவிட்டோம்.

இதனால் அம்மாவின் கைகளுக்கும் ஒரு நன்மை உண்டாயிற்று. மார்கழி பிறந்தால் சோடாவாலும் குளிராலும் அவர் விரல் இடுக்குகள் வெடித்து இரத்தம் கசியும். வெடித்த கையைக் காடியில் வைத்தால் எரியுமே தவிர ஆறாது; ஆகவே கடைசி அலசலை நான் செய்கிறேன். அவர் கையைக் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறார். சோடா குறைந்த இந்த ஆண்டு வெடிப்பும் குறைவு.

என் சட்டைகள் என்னவாயின என்று கேட்பீர்கள். இரண்டு படிகளாக ஊற வைத்துத் துவைத்ததில் விறைப்பு முழுதும் போயிற்று. பழுப்பு பெரும்பகுதி நீங்கியது. கழுத்துப் பட்டையில் மட்டும் மெல்லிய மஞ்சள் நிழல் எஞ்சியிருக்கிறது. அது அறியாமையின் அடையாளமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆண்டு முடியும் வரை அந்த இரண்டு சட்டைகளே போதுமாயின. அம்மா மூன்றாவது தைக்க நேரவில்லை.

தோழியரே, அடுக்களையில் ஊறுகாய்க்கு வாங்கி வைத்த காடிக் குப்பியை அடுத்த முறை காணும்போது, அதனைச் சர்வரோக நிவாரணி என்று போற்றவும் வேண்டாம், வெறும் புளிப்பு நீர் என்று தள்ளவும் வேண்டாம். சோப்புக்குப் பின், நீலத்துக்கு முன், வெளுப்புத் தூளுக்கு வெகு தொலைவில் அரை டம்ளர் ஊற்றுங்கள். உங்கள் சட்டையும் ஓர் ஆண்டு நீடிக்கும்.